கைமாறிய மடக்கு மிதிவண்டி: ஒரு வரலாற்றுப் பார்வை



பழைய மிதிவண்டி விற்கும் கடைகளில் மடக்கு மிதிவண்டிகளையும் காண்கிறோம். ஜப்பானில் சில ஆண்டுகள் ஓடிவிட்டுக் கப்பலேறி நம் நாட்டுக்கு வந்தவையும் அவற்றுள் உண்டு. சிறிய சக்கரம், சட்டத்தின் நடுவில் ஒரு கீல், நெடிய இருக்கைத் தண்டு. புதிய வண்டியை விட விலை மிகவும் குறைவு. "வாங்கலாமா? வாங்கினால் நமக்கேற்ப மாற்றிக்கொள்ள முடியுமா? உறுப்பு கிடைக்குமா?" என்று கேட்போர் பலர்.

இக்கேள்விகளுக்கு விடை காண, மடக்கு மிதிவண்டியின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தல் நலம். நூற்று இருபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அவ்வரலாறு நமக்கு ஓர் உண்மையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஒரு வண்டி எத்தனை ஆண்டு வாழும் என்பது அதைச் செய்த தொழிற்சாலையின் புகழைப் பொறுத்ததன்று. அதன் உறுப்புகள் பொது அளவில் அமைந்துள்ளனவா, அதைப் பின்னாளில் வாங்கியவர் தம் கையாலேயே கழற்றிப் பூட்ட முடிகிறதா என்பவற்றைப் பொறுத்ததே அது.

படைமுகாமில் வளர்ந்த வண்டி

மிதிவண்டியை மடக்க வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் ஊக்கி வளர்த்தவர்கள் படைத்துறையினர். 1890-களின் நடுப்பகுதியில் பிரெஞ்சுப் படையைச் சேர்ந்த கேப்டன் ஜெரார் என்பவர், மோரெல் என்னும் தொழிலதிபருடன் சேர்ந்து மடக்கு மிதிவண்டியை உருவாக்கினார். சாலையில் வீரன் வண்டியை ஓட்டுவான். சாலையற்ற இடத்தில் வண்டியை மடக்கி முதுகில் சுமப்பான். முதல் உலகப் போரில் இத்தாலியின் பெர்சாலியேரி படையினரும் பியாங்கி நிறுவனம் செய்த மடக்கு மிதிவண்டிகளைப் பயன்படுத்தினர்.

இரண்டாம் உலகப் போரில் இவ்வெண்ணம் பெருந்தொகையாக உருப்பெற்றது. பிரிட்டனின் பர்மிங்காம் நகரில் துப்பாக்கியும் மிதிவண்டியும் செய்துவந்த பி.எஸ்.ஏ. நிறுவனம், வான்குடைப் படையினருக்காக ஒரு மடக்கு மிதிவண்டியை 1942 முதல் 1945 வரை தயாரித்தது. 60,000-க்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. மெல்லிய குழாய்களை இணையிணையாக வளைத்து அமைத்த சட்டம். அதில் இரண்டு கீல்கள். கையாலேயே முடுக்கக்கூடிய சிறகுத் திருகுகள். 1944 ஜூன் 6-ஆம் நாள் நார்மண்டிக் கரையில் இறங்கிய கனடியப் படையினர் மிதிவண்டிகளைத் தோளில் தூக்கிச் செல்லும் புகைப்படத்தை அன்பர்கள் சிலர் பார்த்திருக்கலாம்.

போர் முடிந்தது. எஞ்சிய வண்டிகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. போருக்காகச் செய்யப்பட்ட வண்டி, வேலைக்குப் போவோர் கைக்கு வந்தது. பழைய மடக்கு மிதிவண்டிச் சந்தையின் தொடக்க காலக் காட்சிகளுள் இதுவும் ஒன்று.

மலாயா கற்பித்த பாடம்

அதே போரில் நம் மண்ணில் நடந்ததையும் இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். 1941 டிசம்பர் 8-ஆம் நாள் கோத்தா பாருவில் ஜப்பானியப் படை இறங்கியது. 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. இடைப்பட்ட எழுபது நாள்களில் மலாயாவின் நீளம் முழுவதையும் அப்படை கடந்தது. அவ்விரைவுக்கு மிதிவண்டி ஒரு முக்கியக் காரணம்.

அவை மடக்கு மிதிவண்டிகள் அல்ல, சாதாரண வண்டிகள். பல நம் மக்களிடமிருந்து பறிக்கப்பட்டவை. பழுதுபார்ப்பது எப்படிக் கைகூடியது? போருக்கு முன்பே மலிவான ஜப்பானிய மிதிவண்டிகள் மலாயாவில் ஏராளமாக விற்பனையாகியிருந்தன. ஆகவே, உதிரி உறுப்புகள் வழியெங்கும் ஊர்களில் கிடைத்தன. டயர் வெடித்து மாற்று கிடைக்காதபோது, வெறும் ரிம்மிலேயே ஓட்டினர். இரவில் அவ்வோசையைக் கேட்டுக் கவச வண்டிகள் வருவதாக எண்ணி எதிர்ப்படையினர் மருண்டதுண்டு.

மிதிவண்டியைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கு அது வெறும் இரும்பன்று, அவர்களுடைய பிழைப்பு. அத்துயரை மறவாமலே இதன் பொறியியல் பாடத்தையும் குறித்துக்கொள்வோம். சிறப்பான பொறியமைப்பு இல்லாத எளிய வண்டி, உறுப்புகள் எங்கும் கிடைத்த காரணத்தால் ஓடிக்கொண்டே இருந்தது.

சக்கரம் சிறுத்த கதை

மடக்கு மிதிவண்டி இன்றைய வடிவத்தை அடைய, முதலில் சக்கரம் சிறுக்க வேண்டியிருந்தது. இதற்கு வழிகாட்டியவர் அலெக்ஸ் மோல்டன் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர். 1959-இல் வெளிவந்த மினி மகிழுந்தின் ரப்பர் அதிர்வுதாங்கியை வடிவமைத்தவர் இவரே. 1956-இல் சூயசு நெருக்கடியால் பிரிட்டனில் எரிபொருள் பங்கீடு வந்தபோது, இவருடைய கவனம் மிதிவண்டியின் பக்கம் திரும்பியது.

சிறிய சக்கரம் மெதுவாகத்தான் ஓடும் என்பது அக்கால நம்பிக்கை. மோல்டன் அதை ஏற்கவில்லை. டயரில் காற்றழுத்தத்தைக் கூட்டினால் உருளும்போது ஏற்படும் தடை குறையும். அதனால் கூடும் அதிர்வை ரப்பர் அதிர்வுதாங்கியால் அடக்கலாம் என்று அவர் கணித்தார். தம் வடிவத்தை முதலில் ராலே நிறுவனத்திடம் கொண்டு சென்றார். ராலே என்ற பெயர் நம் தாத்தாமாருக்கு நன்கு தெரிந்த பெயர். நாட்டிங்காம் நகரில் இருந்த அதன் தொழிற்சாலை, உலகின் மிகப் பெரிய மிதிவண்டித் தொழிற்சாலைகளுள் ஒன்றாக விளங்கியது. அந்நிறுவனம் மோல்டனின் வடிவத்தை ஏற்க மறுத்தது. அவர் தாமே தொழிற்சாலை அமைத்து, 1962-இல் தம் வண்டியை வெளியிட்டார். வண்டி மக்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்றது.

மறுத்த ராலே இப்போது விழித்துக்கொண்டது. 1965-இல் ஆர்.எஸ்.டபிள்யூ. 16 என்ற சிறுசக்கர வண்டியைக் கொண்டுவந்தது. அதிர்வுதாங்கிக்குச் செலவிட மனமின்றி, தடித்த, காற்றழுத்தம் குறைந்த டயரைப் பூட்டியது. விளைவு? பார்வைக்கு அழகாகவும் மிதிப்பதற்குப் பாரமாகவும் அமைந்தது அவ்வண்டி. 1967-இல் மோல்டனின் மிதிவண்டித் தொழிலையே ராலே விலைக்கு வாங்கியது. 1968-இல், அதிர்வுதாங்கியும் இல்லாத, தடித்த டயரும் இல்லாத நடுத்தரமான வண்டி ஒன்றை வெளியிட்டது. அதுவே 'ராலே டுவென்டி'.

ஒரு வண்டிக்கு வாய்த்த மறுவாழ்வு

ராலே டுவென்டி பெரிய பொறியியல் அற்புதம் அன்று. 20 அங்குலச் சக்கரம், எஃகுச் சட்டம், மூன்று கியர். கடைக்குப் போவோருக்கான வண்டி. மடக்காத வகை, மடக்கும் வகை என இரு வகைகளில் வந்தது. மடக்கும் வகையில் சட்டத்தின் நடுவில் ஒரு கீல் மட்டுமே உண்டு. மடித்தாலும் பருமனான பொதியாகவே இருக்கும். கனமும் அதிகம். 1980-களில் அதன் தயாரிப்பு முடிவுக்கு வந்தது. பிரிட்டனிலும் பிற நாடுகளிலும் கொட்டகைகளின் மூலையில் துருப்பிடித்துக் கிடந்தவை ஏராளம்.

ஆயினும், பிற்காலத்தில் மிகுதியாக மாற்றியமைக்கப்பட்ட மிதிவண்டிகளுள் ஒன்றாக இதுவே விளங்கியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மிதிவண்டிப் பணிமனையில் பணியாற்றிய ஷெல்டன் பிரவுன் (1944–2008), இவ்வண்டியின் மீது தனிப்பற்றுக் கொண்டவர். இதன் குறைகளையும் மாற்றும் வழிகளையும் இணையத்தில் யாவரும் படிக்குமாறு எழுதி வைத்தார். தொழிற்சாலை கைவிட்ட வண்டியை உலகெங்கும் உள்ள கொட்டகைகளில் மீண்டும் உருளச் செய்ததில் அவ்வெழுத்துகளுக்குப் பெரும் பங்குண்டு.

அம்மாற்றங்களைச் சற்று நுணுகிப் பார்ப்போம்.

முதலாவது, சக்கரம். பழைய வண்டியின் ரிம் குரோமிய முலாம் பூசிய எஃகினால் ஆனது. மழையில் நனைந்தால் பிரேக் சரிவரப் பிடிக்காது. நம் நாட்டு மழையை எண்ணிப் பாருங்கள்! ஆகவே, அலுமினிய ரிம்முக்கு மாறுவதே பலரும் செய்த முதல் வேலை. இங்கே ஓர் அளவுக் கணக்கு குறுக்கிடும். டுவென்டியின் ரிம் 451 மில்லிமீட்டர் விட்டம் உடையது. எளிதில் கிடைக்கும் 20 அங்குல ரிம்மோ 406 மில்லிமீட்டர். விட்டத்தில் வேறுபாடு 45, ஆரத்தில் 22.5. அதாவது, பிரேக் கட்டை 22.5 மில்லிமீட்டர் கூடுதலாக எட்ட வேண்டும். நீண்ட கைகளை உடைய பிரேக்கைப் பூட்டினால் சிக்கல் தீரும்.

இரண்டாவது, மிதிதண்டின் அச்சு. இங்கேதான் ராலேயின் 'பூட்டு' இருக்கிறது. பிற பிரிட்டானிய வண்டிகளில் அச்சுக்கூட்டின் திருகுமரை அங்குலத்துக்கு 24 என்ற கணக்கில் இருக்கும். ராலே தனக்கென 26 என்ற கணக்கை வைத்திருந்தது. டுவென்டியில் அக்கூட்டின் அகலமும் 68 மில்லிமீட்டருக்கு மாறாக 76 மில்லிமீட்டர். கடையில் கிடைக்கும் பொது உறுப்பு எதுவும் அதில் ஏறாது. மாற்றுவோர் இதற்கும் வழி கண்டனர். ராலேயின் பழைய கிண்ணங்களை அப்படியே வைத்துக்கொண்டு, அச்சுத்தண்டை மட்டும் தகுந்த நீளத்தில் மாற்றினர். வேறு சிலர், மரையே தேவைப்படாமல் உள்ளிருந்து இறுகிக்கொள்ளும் அச்சைப் பூட்டினர்.

மூன்றாவது, கைப்பிடித் தண்டு. அதன் மேற்புறத்தில் குண்டுமணிகளுக்கு மாறாக ஒரு நைலான் வளையம் மட்டுமே இருந்தது. அதனால் கைப்பிடி திரும்புவது சற்று இறுக்கமாக இருக்கும். விரும்பியோர் அதை மாற்றினர். சிலர் அதுவே நிலைத்தன்மை தருகிறது என்று விட்டுவிட்டனர்.

நான்காவதாக, பலரும் மாற்றாமல் வைத்துக்கொண்ட உறுப்பு ஒன்று உண்டு. அதுதான் ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனத்தின் மூன்று கியர் கொண்ட பின்சக்கரக் குடம். 'ஏ.டபிள்யூ.' எனப்படும் இவ்வகை 1936-இல் அறிமுகமானது. நடுக் கியரை அடிப்படையாகக் கொண்டால், கீழ்க் கியர் கால் பங்கு இலகு. மேல் கியர் மூன்றில் ஒரு பங்கு விரைவு. பல்சக்கரங்கள் அனைத்தும் குடத்துக்குள் மறைந்திருப்பதால் மழையும் மண்ணும் தீண்டுவதில்லை. அவ்வப்போது சில துளி எண்ணெய் விட்டு, கியர்க் கம்பியைச் சரியான இறுக்கத்தில் வைத்தால் பல்லாண்டு உழைக்கும். இக்குடத்தின் மேல் அது செய்யப்பட்ட ஆண்டும் மாதமும் பொறிக்கப்பட்டிருக்கும். பழைய வண்டியின் அகவையை அறிய இது ஒரு நல்ல சான்று. ஆனால், சக்கரம் இடையில் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் தைவானின் சன்ரேஸ் நிறுவனத்தின் கைக்கு மாறியது. ராலே 2002-இல் நாட்டிங்காமில் மிதிவண்டி பூட்டுவதை நிறுத்தியது. தாய்த் தொழிற்சாலை மறைந்த பின்னும், அக்குடத்துக்குரிய உறுப்புகள் தைவானில் தொடர்ந்து செய்யப்பட்டன. டுவென்டியின் மறுவாழ்வுக்கு இதுவும் ஒரு துணை.

சிறுவர்கள் தந்த கொடை

406 மில்லிமீட்டர் ரிம் எங்கும் எளிதாகக் கிடைப்பது ஏன்? 1960-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் சிறுவர்கள் தங்கள் 20 அங்குல வண்டிகளைத் தாங்களே மாற்றி, உயரமான கைப்பிடியும் நீண்ட இருக்கையும் பூட்டி ஓட்டிக்கொண்டிருந்தனர். ஷ்வின் நிறுவனத்தின் ஆல் ஃபிரிட்ஸ் இதைக் கேள்வியுற்றார். அதையே மாதிரியாகக் கொண்டு 1963-இல் 'ஸ்டிங் ரே' என்ற வண்டியை அந்நிறுவனம் வெளியிட்டது. அவ்வண்டியைக் கொண்டே சிறுவர்கள் மண்பாதைப் பந்தயம் நடத்தினர். 1970-களில் அது பி.எம்.எக்ஸ். விளையாட்டாக வளர்ந்தது. அதனால் 406 அளவு ரிம்மும் டயரும் உலகெங்கும் பெருகின.

1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் மடக்கு மிதிவண்டியில் நாட்டம் கொண்ட டேவிட் ஹோன் என்னும் லேசர் இயற்பியலாளர், 1982-இல் 'டாஹோன்' நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய வண்டிகளுள்ளும் அவற்றை ஒத்த பிற வண்டிகளுள்ளும் பெரும்பாலானவை இந்த 20 அங்குல அளவைப் பின்பற்றின. பழைய டாஹோன் வகை வண்டிக்கு இன்று டயர் எளிதில் கிடைக்கிறது என்றால், கலிபோர்னியச் சிறுவர்களுக்கும் நாம் நன்றி சொல்லலாம்.

இலண்டனில் ஆண்ட்ரூ ரிச்சி என்பவர் மற்றொரு வழியில் சென்றார். தம் அறையின் சாளரத்திலிருந்து தெரிந்த பிராம்ப்டன் தேவாலயத்தின் பெயரையே தம் வண்டிக்குச் சூட்டினார். 1976-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1980-களில் விற்பனை தொடங்கியது. மடித்தால் மிகச் சிறிய பொதியாகும் வண்டி அது. சக்கரம் 349 மில்லிமீட்டர். முன்பு மோல்டன் கையாண்ட அதே அளவு. ஆனால் சட்டமும் கீலும் பிற முக்கிய உறுப்புகளும் அந்நிறுவனத்துக்கே உரியவை. அந்நிறுவனம் நிலைத்து உறுப்புகளை வழங்கி வருவதால் பழைய பிராம்ப்டனும் ஓடுகிறது. பெயர் தெரியாத நிறுவனத்தின் தனி அளவு உறுப்பு உடைந்தால் அவ்வசதி நமக்குக் கிடைக்காது.

வாங்குவோர் கவனத்திற்கு

மேற்கண்ட வரலாற்றிலிருந்து நாம் பெறும் நடைமுறைக் குறிப்புகளைச் சுருக்கமாகத் தொகுத்துத் தருகிறேன்.

1. கீலை முதலில் பாருங்கள். வண்ணப்பூச்சில் மயிரிழைக் கோடு தெரிந்தால் அது விரிசலாக இருக்கக்கூடும். அலுமினியச் சட்டத்தில் கீலருகே விரிசல் கண்டால் வாங்க வேண்டா. வெல்டிங் செய்தாலும் பழைய வலிமை திரும்பாது.

2. வண்டியை மும்முறை மடக்கி விரித்துப் பாருங்கள். பூட்டிய பின் முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள். கீலிலோ கைப்பிடித் தண்டிலோ ஆட்டம் இருந்தால் காரணத்தை அறியாமல் பணம் கொடுக்காதீர்கள்.

3. இருக்கைத் தண்டில் ஒரு கோடு பொறிக்கப்பட்டிருக்கும். அக்கோடு வெளியே தெரியுமளவுக்கு உயர்த்தக்கூடாது. உயரமானவர்கள் நீண்ட தண்டாகத் தேடி மாற்றிக்கொள்வதே பாதுகாப்பு.

4. டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணைப் படியுங்கள். '47-406' என்றிருந்தால் அகலம் 47, ரிம்மின் விட்டம் 406 மில்லிமீட்டர் என்று பொருள். வெறும் '20 அங்குலம்' என்ற சொல்லை நம்பி டயர் வாங்காதீர்கள். கணிதப் பாடத்தில் 1.75-உம் 1¾-உம் ஒன்றே. டயர் கடையிலோ 20 × 1.75 என்பது 406 மில்லிமீட்டர் ரிம்முக்கும், 20 × 1¾ என்பது 419 மில்லிமீட்டர் ரிம்முக்கும் உரியவை! ஒன்று மற்றதில் பொருந்தாது. மாணவர்களுக்குச் சொன்னால் வியப்படைவார்கள்.

5. சட்டத்தின் எண் சுரண்டப்பட்டிருந்தால் விலகிவிடுங்கள். களவுப் பொருளாக இருக்கலாம்.

மாற்றங்களையும் ஒரு வரிசையில் செய்வது நல்லது. முதலில் பிரேக் கட்டை, பிரேக் கம்பி, டயர், டியூப் ஆகிய பாதுகாப்பு உறுப்புகள். அடுத்து இருக்கை, கைப்பிடி உறை ஆகிய வசதி உறுப்புகள். அதன் பிறகே கியரும் அழகும். கீலையும் அதன் பூட்டையும் மட்டும் மாற்றிச் சோதிக்க வேண்டா. அவற்றுக்கு அந்தந்த வண்டிக்குரிய உறுப்பே வேண்டும்.

மற்றொன்றும் நினைவிருக்கட்டும். சிங்கப்பூரில் மடக்கு மிதிவண்டிகளை இரயிலிலும் பேருந்திலும் ஏற்ற 2008-இல் சோதனை முறையில் இசைவு தரப்பட்டது. பின்னர் அது நிலைபெற்றது. 2016 டிசம்பரில் நாள் முழுவதும் ஏற்றும் சோதனை தொடங்கி, 2017-இல் அதுவும் நிலையானது. அதற்கு வகுத்த அளவு எல்லை 120 × 70 × 40 செண்டிமீட்டர். அகன்ற கைப்பிடியும் பெரிய கூடையும் பூட்டும் ஆர்வத்தில், மடக்கியபின் இவ்வெல்லையைத் தாண்டிவிட்டால் மடக்கு வண்டி வாங்கிய பயனே போய்விடும். மலேசிய அன்பர்கள் தாங்கள் செல்லும் இரயில் சேவையின் விதியை முன்னதாகவே கேட்டறிந்துகொள்க.

பழுதுபார்க்கும் கை

இதைப் பழம்பொருள் ஆசையாக மட்டும் கருதிவிடக் கூடாது. நம் தோட்டங்களில் ஒரு தலைமுறைக்கு முன் மிதிவண்டி வைத்திருந்தவர் எல்லாரும் ஓரளவு பழுதுபார்க்கவும் தெரிந்தவர்களே. டியூப் ஒட்டுவதும், செயினைக் கழற்றி எண்ணெய் இடுவதும், ஸ்போக்கைத் தட்டிப் பார்த்து இறுக்குவதும் அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்த அறிவு. அவ்வறிவு இன்று நம் பிள்ளைகளிடம் அருகி வருகிறது. திறக்க முடியாத பொருள்கள் பெருகிய காலத்தில், பழுதானால் எறிந்துவிடுவதே இயல்பு என்று அவர்கள் நம்பத் தொடங்கியுள்ளனர்.

பழைய மடக்கு மிதிவண்டி இந்நம்பிக்கையை மாற்றவல்ல எளிய கருவி. அதன் உறுப்புகள் யாவும் கண்ணுக்குத் தெரிகின்றன. பெரும்பாலானவற்றைச் சில திருகுசாவிகளால் கழற்றிவிடலாம். விட்டம், ஆரம், பின்னம், நெம்புகோல், உராய்வு எனப் பாடநூலில் உள்ளவை எல்லாம் அதில் உண்டு. தந்தையும் மகளும் ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து ஒரு பழைய வண்டியைக் கழற்றித் துடைத்து மீண்டும் பூட்டினால், அக்குழந்தை பெறுவது ஒரு வண்டி மட்டுமன்று.

ஆகவே, "வாங்கலாமா?" என்று கேட்கும் அன்பர்களுக்கு என் விடை இது: கீல் உறுதியாகவும் அளவுகள் பொதுவானவையாகவும் இருந்தால், தயங்காமல் வாங்குங்கள். விலையில் மிஞ்சும் பணத்தில் ஒரு நல்ல திருகுசாவித் தொகுதியையும் சேர்த்தே வாங்குங்கள். வண்டியைக் கடையில் விட்டுவிட்டு வராமல், பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு நீங்களே திறந்து பாருங்கள்.

உங்கள் வீட்டுக் கொட்டகையிலோ தாத்தா வீட்டிலோ பழைய மிதிவண்டி ஏதும் இருந்தால், அதன் பின்சக்கரக் குடத்தைத் துடைத்து, ஆண்டு பொறிக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். அகவை என்ன என்பதை எனக்கும் தெரிவியுங்கள், அறிந்து மகிழ்வேன்.